வேலை முடிந்தால் காசு கொடுங்கள்

ஒரு கான்ட்ராக்டர் அரசாங்கத்திடம் வந்து இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'ஐயா, நூற்றைம்பது வருடமாக யாராலும் முடியாத ஒரு வேலையை நான் முடித்துத் தருகிறேன். அட்வான்ஸ் வேண்டாம். செலவு மொத்தமும் என்னுடையது. ஜெயித்தால் காசு கொடுங்கள். தோற்றால் ஒரு பைசா தரவேண்டாம்.'

என்ன நினைப்பீர்கள்? ஒன்று, ஆசாமிக்கு மூளை கலங்கிவிட்டது. இல்லை, எங்கேயோ ஏதோ உள்குத்து இருக்கிறது. 1874-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் வாஷிங்டனிலும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்த ஆசாமியின் பெயர் ஜேம்ஸ் புக்கானன் ஈட்ஸ். அவர் பேசிக்கொண்டிருந்த வேலை, மிஸிஸிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பெரிய கப்பல்கள் போய் வர ஓர் ஆழமான பாதை.

இதில் என்ன பிரமாதம் என்று கேட்காதீர்கள். மிஸிஸிப்பியைக் கொஞ்சம் புரிந்துகொண்டால்தான் இந்தக் கதையின் சூடு தெரியும்.

அமெரிக்காவின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே மினசோட்டாவில் ஆரம்பித்துத் தெற்கே மெக்ஸிகோ வளைகுடா வரை ஒரு கோடு கீழே இறங்குகிறது அல்லவா, அதுதான் மிஸிஸிப்பி. இன்றைய கணக்கில் முப்பத்தொரு மாநிலங்களின் மழைத் தண்ணீர் இந்த ஒரே ஆற்றில் வந்து விழுகிறது. நாட்டின் நடுப்பகுதியில் விளையும் கோதுமை, சோளம், பருத்தி எல்லாவற்றுக்கும் அந்தக் காலத்தில் இதுதான் ராஜபாட்டை. படகில் ஏற்றினால் போதும், தண்ணீரே இழுத்துக்கொண்டு வந்து நியூ ஆர்லியன்ஸில் சேர்த்துவிடும். அங்கிருந்து கடல் சுமார் நூறு மைல்.

அந்தக் கடைசி இடத்தில்தான் சிக்கல். கடலை நெருங்கும்போது ஆறு ஒரு பறவையின் பாதம் மாதிரி விரல் விரலாகப் பிரிந்துவிடும். பெரிய விரல்கள் மூன்று. சவுத்வெஸ்ட் பாஸ், சவுத் பாஸ், பாஸ் அ லூட்ர். மூன்றின் வாயிலும் மணல் திட்டு. வழி நெடுக மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும் ஆறு, கடலைத் தொட்டதும் அகலமாக விரிந்து வேகத்தை இழந்துவிடுகிறது. வேகம் போனதும் சுமக்கிற சக்தி போய்விடுகிறது. சுமையை அங்கேயே இறக்கி வைத்துவிடுகிறது. வருடத்துக்குப் பல கோடி டன் சேறு!

விளைவு? உள்ளே நல்ல ஆழம். வெளியே கடலும் ஆழம். நடுவே வாசற்படியில் மட்டும் முழங்கால் தண்ணீர். (முழங்கால் என்றால் கப்பலின் முழங்கால்.) சரக்கேற்றிய கப்பல்கள் திட்டில் தரை தட்டி நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் நிற்கும். ஒன்று சிக்கினால் பின்னால் வருவதெல்லாம் வரிசையில். கோதுமை முளைவிடும். வியாபாரி தலையில் துண்டு.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே, 1726-ல், இரும்புப் பரம்புகளைக் கட்டி இழுத்துத் திட்டைக் கிளறிப் பார்த்தார்கள். அப்புறம் வந்த அமெரிக்க அரசு தூர்வாரிப் பார்த்தது. இதற்கென்றே ராணுவப் பொறியியல் படை 1868-ல் ஒரு தூர்வாரும் கப்பல் கட்டியது. பெயர் 'எஸ்ஸாயோன்.' பிரெஞ்சில் அதற்கு 'முயற்சி செய்வோம்' என்று அர்த்தம். அது அந்தப் படையின் கொள்கை முழக்கம்தான் என்றாலும் இந்தக் கப்பலுக்கு ரொம்பவும் பொருத்தமாக அமைந்துவிட்டது. முயற்சி மட்டும்தான் நடந்தது. வாரிய பள்ளத்தை அடுத்த வெள்ளம் மூடிவிடும்.

இந்த ராணுவப் பொறியியல் படைக்குத் தலைவர் ஜெனரல் ஆண்ட்ரூ ஹம்ப்ரீஸ். சாதாரண ஆள் இல்லை. கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் நின்றவர். மிஸிஸிப்பியை வருடக் கணக்கில் அளந்து, 1861-ல் ஹென்றி அபட் என்ற அதிகாரியோடு சேர்ந்து தலையணை சைஸில் ஓர் அறிக்கை எழுதியவர். மிஸிஸிப்பி பற்றி யார் என்ன சொல்வதானாலும் அந்தப் புத்தகத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆறு அவருடைய சொத்து மாதிரி. அவர் சொன்ன தீர்ப்பு: முகத்துவாரத்தோடு மல்லுக்கட்டுவது வீண். பக்கவாட்டில் ஒரு கால்வாய் வெட்டி, மதகு வைத்து, கப்பல்களைத் தனி வழியில் கடலுக்கு அனுப்பிவிடலாம்.

குறுக்கே வந்து நின்றார் ஈட்ஸ்.

ஈட்ஸ் இன்ஜினீயரிங் படித்தவரே இல்லை. சொல்லப்போனால் எதுவுமே படித்தவர் இல்லை. 1833-ல், பதின்மூன்று வயதில், அம்மாவோடு நீராவிப் படகில் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வந்து இறங்கினார். இறங்கினார் என்று சொல்வதுகூடத் தப்பு. கரையை நெருங்கும்போது படகு தீப்பிடித்துக்கொண்டது. உயிர் பிழைத்தது. சாமான் செட்டு எதுவும் மிஞ்சவில்லை. பையன் தெருவில் ஆப்பிள் விற்றான். பிறகு ஒரு ஜவுளிக்கடையில் வேலை. முதலாளி நல்ல மனுஷர். மாடியில் இருந்த தன் புத்தகங்களைப் படிக்க அனுமதி கொடுத்தார். ஈட்ஸின் காலேஜ் அந்த மாடிதான்.

இருபத்திரண்டு வயதில் ஒரு தொழில் ஆரம்பித்தார். மூழ்கிய படகுகளிலிருந்து சரக்கை மீட்பது. மிஸிஸிப்பியில் மூழ்கிய படகுகளுக்குப் பஞ்சமே கிடையாது. முதல் வேலை, ஈயக் கட்டிகளை எடுப்பது. கூலிக்கு அழைத்துவந்த முக்குளிப்பவரால் வெள்ளத்தின் வேகத்தில் நிற்க முடியவில்லை. ஈட்ஸ் ஊருக்குள் போய் ஒரு விஸ்கி பீப்பாய் வாங்கினார். அடிப்பக்கத்தைத் திறந்து, ஈயக் கட்டி தொங்கவிட்டு, மேலே காற்றுக்கு பம்ப் பொருத்தி, தானே அதற்குள் உட்கார்ந்து ஆற்றுக்குள் இறங்கிவிட்டார். அதற்கப்புறம் பல வருடங்கள் ஆற்றின் அடியில் நடந்தே சம்பாதித்தார். செயின்ட் லூயிஸுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் நடுவில் ஐம்பது மைலுக்கு ஓர் இடமாவது அவர் கால் படாமல் இருந்ததில்லை.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு தடவை கெய்ரோ என்ற ஊருக்குப் பக்கத்தில் (எகிப்து அல்ல, இல்லினாய்) 65 அடி ஆழத்தில் இறங்கியபோது ஈட்ஸ் ஒரு விஷயத்தைக் காலால் உணர்ந்தார். ஆற்றின் தரை நிலையாக இல்லை. மூன்றடி ஆழத்துக்கு மணல் மொத்தமும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வேகமாகப் போகிற இடத்தில் தரையும் சேர்ந்து போகிறது. வேகம் குறைகிற இடத்தில் படிகிறது. ஹம்ப்ரீஸ் கருவிகளை வைத்து அளந்து எழுதிய ஆற்றை இந்த மனிதர் பாதத்தால் படித்துவிட்டார்.

அதிலிருந்து வந்ததுதான் அவருடைய யோசனை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ரப்பர் குழாயின் வாயைக் கட்டை விரலால் பாதி மூடிப் பாருங்கள். சொதசொதவென்று ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர் சீறிக்கொண்டு போகும் அல்லவா? அதேதான். ஆற்றின் வாயில் இரண்டு பக்கமும் கடலுக்குள் நீளமாகச் சுவர் எழுப்பி, விரிந்து போகிற தண்ணீரைக் குறுக்கிவிட்டால் வேகம் கூடும். வேகம் கூடினால் ஆறே திட்டை அரித்துக் கடலுக்குள் கொண்டுபோய்த் தள்ளிவிடும். தூர்வாருகிற வேலையை ஆறு பார்த்துக்கொள்ளும், இருபத்துநாலு மணி நேரமும், சம்பளமில்லாமல்.

யோசனை புதிதல்ல. டான்யூப் ஆற்றின் சுலினா முகத்துவாரத்தில் சார்லஸ் ஹார்ட்லி என்ற ஆங்கிலேயர் 1861 வாக்கில் இதைச் செய்து, ஒன்பது அடி ஆழத்தைப் பதினாறு, பதினேழு அடியாக்கிக் காட்டியிருந்தார். 'அது டான்யூப், இது மிஸிஸிப்பி' என்றார் ஹம்ப்ரீஸ். சுவர் கட்டினால் திட்டு காணாமல் போகாது, சுவரின் முனைக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வருடா வருடம் சுவரை நீட்டிக்கொண்டே போகவேண்டியதுதான் என்றார். யோசித்துப் பார்த்தால் முட்டாள்தனமான வாதம் இல்லை. ஆனால் அதைச் சொன்ன குரலில் ஆற்றைவிட ஆத்திரம் அதிகம் இருந்தது.

காரணம், பழைய பகை. உள்நாட்டுப் போர் சமயத்தில் 1861-ல் ஈட்ஸ் வடக்கு ராணுவத்துக்கு ஏழு இரும்புக் கவசப் படகுகளைச் சில மாதங்களில் கட்டிக் கொடுத்து பெயர் வாங்கியவர். (அவற்றுக்கும் அரசு பணத்தை இழுத்தடித்தது. ஜெனரல் கிராண்ட் அவற்றை வைத்துச் சண்டை போட்டபோதுகூட சட்டப்படி அவை ஈட்ஸின் சொந்தப் படகுகள் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்வார்கள்.) போர் முடிந்து செயின்ட் லூயிஸில் மிஸிஸிப்பிக்குக் குறுக்கே உருக்குப் பாலம் கட்ட ஆரம்பித்தார். அதற்கு முன் ஒரு பாலம்கூட அவர் கட்டியதில்லை! பாலம் பாதிக்கு மேல் எழும்பிய பிறகு 1873-ல், நீராவிப் படகுகளின் புகைபோக்கி இடிக்கும் என்று ராணுவப் பொறியாளர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். ஈட்ஸ் நேரே வெள்ளை மாளிகைக்குப் போய்விட்டார். அங்கே ஜனாதிபதி நாற்காலியில் இருந்தவர் யார்? அதே கிராண்ட். முட்டுக்கட்டை விலகியது. 1874 ஜூலை 4-ம் தேதி திறந்த அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. ஹம்ப்ரீஸின் ஆட்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

இப்போது இந்த ஆள் ஆற்றின் வாய்க்கும் வந்துவிட்டார்.

ஈட்ஸ் முதலில் கேட்டது சவுத்வெஸ்ட் பாஸ். பெரிய வாய். அங்கே 28 அடி ஆழம், ஒரு கோடி டாலர். காங்கிரஸ் வழக்கம்போல ஒரு குழு போட்டது. ஏழு பேர் ஐரோப்பா வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'ஈட்ஸ் சொல்வது சரிதான், ஆனால் இருப்பதில் சின்னதான சவுத் பாஸில் செய்யட்டும்' என்றார்கள். செலவு குறைவு என்பதுதான் காரணம். சின்ன வாய் நாளைக்குப் பெரிய கப்பலுக்குப் போதாது என்று ஈட்ஸ் மன்றாடினார். எடுபடவில்லை. 1875 மார்ச் 3-ம் தேதி சட்டம் நிறைவேறியது.

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இந்த ஒப்பந்தத்தின் மேல்தான் கண். சவுத் பாஸ் வாயில் அப்போது இருந்த ஆழம் எட்டு, ஒன்பது அடி. ஈட்ஸ் அதை 30 அடி ஆக்க வேண்டும். மொத்தத் தொகை 52 லட்சத்து 50 ஆயிரம் டாலர். இருபது அடி வந்தால் முதல் தவணை 5 லட்சம். அதற்கு மேல் ஏற ஏற அடுத்தடுத்த தவணை. அதிலும் பத்து லட்சத்தை, பாதை நிலைத்து நிற்கிறதா என்று பார்ப்பதற்காக அரசு கையில் வைத்துக்கொள்ளும். இருபது அடிக்குள் பத்தொன்பதே முக்கால் அடியில் நின்றுவிட்டால்? பூஜ்யம். வேலை ஆரம்பிக்கும் முன்பே முப்பது சதவிகிதம் வாங்கிக்கொண்டு ஜல்லி கொட்டுகிற கான்ட்ராக்டர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது தேவலோகக் கதை மாதிரித்தான் இருக்கும்.

ஆக, இருபது அடி வரைக்கும் ஊரிலிருந்து பணம் திரட்டியாக வேண்டும். முதலீட்டாளர்களுக்கு ஈட்ஸ் காட்டக்கூடிய ஈடு ஒன்றே ஒன்றுதான். தன் பெயர்.

1875 ஜூனில் வேலை ஆரம்பம். சுவர் என்றதும் கருங்கல்லை நினைத்துவிடாதீர்கள். அந்தச் சேற்றில் கருங்கல் புதைந்து போய்விடும். ஈட்ஸ் பயன்படுத்தியது வில்லோ மரத்தின் மெல்லிய கொம்புகள். ஆற்றில் முப்பது மைல் மேலே அவை காடாக வளர்ந்து கிடந்தன. வெட்டிக்கொண்டு வந்து, பைன் மரச் சட்டங்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, நூறு அடி நீளம், ரெண்டடி கனத்துக்குப் பாய் மாதிரி முடைந்தார்கள். பாயை இழுத்துக்கொண்டுபோய், முன்கூட்டியே அடித்து வைத்த மரத்தூண்களின் வரிசையில் நிறுத்தி, மேலே கல்லைப் போட்டு மூழ்கடித்தார்கள். அதன் மேல் இன்னொரு பாய். அதன் மேல் இன்னொன்று. அப்புறம் நடந்ததுதான் அழகு. ஆறு சும்மா இருக்குமா? கொம்புகளின் இடுக்கில் தன் வண்டலைக் கொண்டுவந்து திணித்தது. கொஞ்ச நாளில் பாய் இறுகிச் சுவரானது. யாரைக் கட்டிப்போட வேண்டுமோ அவரையே கயிறு திரிக்க வைத்த கதை.

கிழக்குச் சுவர் இரண்டு மைலுக்கு மேல். மேற்குச் சுவர் ஒன்றரை மைல். நடுவில் ஆயிரம் அடி இடைவெளி. சேற்று நிலத்தின் நடுவே தொழிலாளர்களுக்காக ஒரு குடியிருப்பு முளைத்தது. போர்ட் ஈட்ஸ் என்று பெயர். ஸ்தலத்தில் இருந்து வேலையைப் பார்த்துக்கொண்டவர் எல்மர் கார்த்தெல் என்ற இளைஞர். பின்னாளில் இந்த வேலையின் வரலாற்றைப் புத்தகமாகவே எழுதினார்.

ஒரு வருடத்துக்குள் ஆழம் ஏற ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து வந்தது இடி.

1876 வசந்த காலத்தில் முதலீட்டாளர்களையும் பத்திரிகைக்காரர்களையும் ஒரு நீராவிப் படகில் ஏற்றி, வேலையைக் காட்ட அழைத்துப் போனார் ஈட்ஸ். இன்னும் பணம் வேண்டியிருந்தது. நியூ ஆர்லியன்ஸில் ராணுவப் பொறியாளராக இருந்த மேஜர் ஹோவெல், ஹம்ப்ரீஸின் ஆள். அவருடைய உதவியாளர் வந்து செய்தியாளர்களிடம் கொளுத்திப் போட்டார். பாதையின் ஆழம் பன்னிரண்டு அடிதானாம். அது மட்டுமா, சுவருக்கு வெளியே ஆயிரம் அடி தள்ளிப் புதிதாக ஒரு திட்டு உருவாகிறதாம். அதாவது, ஹம்ப்ரீஸ் சொன்னது நடக்கிறதாம்!

அவ்வளவுதான். செய்தி பரவியது. ஈட்ஸின் கம்பெனிப் பங்கு பாதாளத்துக்குப் போனது. பதினாறு அடி இருக்கிறது என்று ஈட்ஸ் கத்தினார். யார் நம்புவது? ஆழம் என்பது தண்ணீருக்கு அடியில் இருக்கிற சமாச்சாரம். கயிறு விட்டு அளந்தவர் சொல்வதுதான் கணக்கு. அளந்த இரண்டு பேரில் ஒருவர் அரசாங்கம். இன்னொருவர் பணம் கேட்கிறவர்.

மே 12-ம் தேதி, நியூயார்க்கிலிருந்து வந்த 'ஹட்ஸன்' என்ற கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே நின்றது. 280 அடி நீளம். தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தது 14 அடி 7 அங்குலம். கேப்டன் கேஜர், ஈட்ஸின் நண்பர். சவுத் பாஸ் வழியாகவே போகிறேன் என்று முடிவெடுத்துவிட்டார்.

நாமெல்லாம் இப்போது சுலபமாகப் படித்துவிட்டுப் போகிறோம். அந்த நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஓதம் வடிந்துகொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் தண்ணீர் இறங்குகிறது. ஹோவெலின் ஆள் சொன்னது நிஜமாக இருந்தால் கப்பல் வாசலிலேயே சேற்றில் புதையும். கேப்டனின் வேலையும் ஈட்ஸின் பெயரும் கூடவே புதையும். நாளைக் காலை ஓதம் ஏறும்வரை காத்திருக்கலாம்தான். கேஜர் காத்திருக்கவில்லை. மெதுவாக ஊர்ந்து போகவும் சொல்லவில்லை. வேகத்தைக் கூட்டி, கப்பலை இரண்டு சுவர்களுக்கும் நடுவே நேராக விட்டார். முன்பக்கம் அலை எழும்பியது. கரையில் நின்றவர்கள் அந்த அலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் தட்டினால் அலை சட்டென்று அடங்கிவிடும்.

அடங்கவில்லை. ஹட்ஸன் உள்ளே வந்து சேர்ந்தது. பன்னிரண்டடித் தண்ணீரில் பதினாலரை அடிக் கப்பல் போக முடியாது என்பது பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியும். ஒரு கப்பல் போன தடம், ஒரு அறிக்கையைக் கிழித்துப் போட்டது.

அக்டோபரில் இருபது அடி வந்தது. அதற்கும் அரசு உடனே பையை அவிழ்த்துவிடவில்லை. முதல் தவணை 1877-ல்தான் கைக்கு வந்தது. சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் ஈட்ஸ் திண்டாடிய மாதங்கள் உண்டு. ஆழம் ஏறினால்தான் பணம், பணம் வந்தால்தான் ஆழம் என்று ஒரு சுழல். 1878 கோடையில் மஞ்சள் காய்ச்சல் வேறு வந்து சேர்ந்தது. அந்த ஒரே வருடத்தில் நியூ ஆர்லியன்ஸில் மட்டும் சுமார் நாலாயிரம் பேரைக் கொண்டுபோன காய்ச்சல் அது. போர்ட் ஈட்ஸையும் விடவில்லை. பாய் முடைந்த கைகள் சில, 30 அடியைப் பார்க்காமலே போய்விட்டன. அவர்கள் பெயரை எந்தப் பாலத்துக்கும் வைக்கவில்லை.

இடையில் காங்கிரஸ் கொஞ்சம் இரக்கப்பட்டு, ஒப்பந்தத்தின் கெடுபிடியைத் தளர்த்தியது. 1879 ஜூலையில் நடுப்பாதையில் 30 அடி என்று அதிகாரபூர்வமாகச் சான்று கிடைத்தது. அந்தச் சான்று ஹம்ப்ரீஸ் காலத்தில் வரவில்லை. சில நாட்கள் முன்புதான், ஜூன் 30-ம் தேதி, அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.

கணக்குப் பார்க்கலாமா? 1875-ல் செயின்ட் லூயிஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வழியாக ஐரோப்பாவுக்குப் போன சரக்கு ஏழாயிரம் டன்கூட இல்லை. 1880-ல் நாலரை லட்சம் டன்.

ஈட்ஸ் அதோடு ஓயவில்லை. மெக்ஸிகோவின் டெஹுவான்டெபெக் நிலப்பகுதியில் முழுக் கப்பலை ரயிலில் ஏற்றி ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குக் கொண்டு போகிறேன் என்று கிளம்பினார். அது நடப்பதற்குள் 1887 மார்ச்சில் பஹாமாஸில் காலமாகிவிட்டார்.

ஆற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. முன்பு அந்தச் சேறு முகத்துவாரத்தில் பரந்து படிந்து நிலமாகிக்கொண்டிருந்தது. சுவரும் கரையும் அதைக் குழாய் பிடித்ததுபோல ஆழ்கடலுக்கு அனுப்பிவிட்டன. பின்னாளில் மேலே கட்டிய அணைகள் சேற்றைப் பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டன. எண்ணெய் கம்பெனிகள் சதுப்பு நிலத்தைக் கால்வாய் கால்வாயாக வெட்டின. எல்லாமாகச் சேர்ந்து, 1932-லிருந்து 2010 வரை லூசியானா கடலோரம் இழந்த நிலம் சுமார் 1,900 சதுர மைல். இதில் ஈட்ஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பூஜ்யம் என்றும் சொல்ல மாட்டேன்.

சவுத் பாஸ்? ஈட்ஸ் பயந்ததுதான் நடந்தது. கப்பல்கள் பெருத்துக்கொண்டே போக, சின்ன வாய் போதவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எந்த ராணுவப் பொறியியல் படை சுவரே வேண்டாம் என்றதோ அதே படை, சவுத்வெஸ்ட் பாஸில் சுவர் கட்டியது. ஈட்ஸ் முதன்முதலில் கேட்ட அதே இடம். இப்போது மிஸிஸிப்பிக்குள் நுழையும் பெரிய கப்பல்கள் எல்லாமே அந்த வழியாகத்தான் போகின்றன. போர்ட் ஈட்ஸை 2005-ல் கத்ரீனா புயல் துடைத்துப் போட்டது. பிறகு மறுபடி கட்டினார்கள். தூண்டில் போட வந்தவர்கள் சின்னப் படகுகளில் அங்கே வந்து டீசல் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார்கள்.